பெரியாற்றில் ஒரு முழுக்கு

"ஓய் சமையல்காரரே, புகை மூஞ்சியில அடிக்கறது. அடுப்பைத் தள்ளி வைக்கத் தெரியாதா?"

வெங்கிடேஸ்வரன் கூடாரத்து வாசலில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டியபடியே அதட்டினான். பிச்சைமணி விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "சரி சார்" என்றார்.

பெரியாற்றங்கரையில் பஞ்சாயத்து நடத்தும் கேம்பிங் மைதானம் அது. யார் வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம், படி இறங்கினால் ஆறு. அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதுதான் அவனுக்குக் குமட்டியது. இடது பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கூட்டம் குக்கரும் மீன்சட்டியுமாகக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் கூடாரக் கயிற்றிலேயே ஜட்டி காய்ந்தது. ஆற்றில் தொந்தியும் தொப்பையுமாகச் சிலர் எருமைகளைப் போல ஊறிக் கிடந்தார்கள். இந்தக் கும்பலோடு ஒரு நாள் இருக்க வேண்டிய தலையெழுத்தை நினைத்து மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டான்.

ஆனால் வராமல் இருக்க முடியாது. மாளவிகாவின் அப்பா விஸ்வநாத்துக்கு ஆறும் கூடாரமும் என்றால் உயிர். ஹாலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிற மாப்பிள்ளையின் குணம் தெரியாது, வெட்டவெளியில் ஒரு நாள் கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. களமசேரியில் சொந்தத் தொழிற்சாலை, ஒரே பெண். சாயங்காலத்துக்குள் அவர் வாயிலிருந்து சம்மதம் வந்துவிட்டால் வெங்கிடேஸ்வரன் எங்கேயோ போய்விடுவான்.

சிக்கல் அவர் மனைவி சீதாலக்ஷ்மி மாமியால் வந்தது. நம்மவர் கையால் சமைத்தால் ஒழிய மாமி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஏற்பாடு செய்திருந்த ஆள் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டான். வேறு வழியில்லாமல், கல்யாண வீடுகளில் கரண்டி பிடிக்கிற பிச்சைமணியை மட்டாஞ்சேரிக்குப் போய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். சார் என்றுதான் கூப்பிட வேண்டும், கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது என்று காரில் வழியெல்லாம் பாடம் நடத்தினான். ஒரு நாள்தானே, ஆகட்டும் என்று கிழவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பும், வேஷ்டியில் இருந்த மஞ்சள் கறையும், சீட்டெல்லாம் பரவிய புளி வாடையும் அவனுக்கு எரிச்சலாகவே இருந்தன.

மத்தியானம் மரத்தடியில் இலை விழுந்தது. பூசணிக்காய் மொளகூட்டலை மாமி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அசல் பாலக்காட்டுக் கைமணமாக்கும். சாமிக்கு மட்டாஞ்சேரியில எங்கே வீடு?"

பிச்சைமணி வாயைத் திறப்பதற்குள் வெங்கிடேஸ்வரன் முந்திக்கொண்டான். "கோயில் பக்கத்துல ஏதோ ஒரு பொந்து ஆன்ட்டி. இவாள்லாம் வேற எங்கே இருப்பா?"

மாளவிகா நிமிர்ந்து ஒரு தரம் அவனைப் பார்த்துவிட்டு மறுபடி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிச்சைமணி காதில் விழாதவர் போலப் பாயசத்தைக் கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தவர், வெங்கிடேஸ்வரனின் டம்ளரிலிருந்து மட்டும் திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு நீட்டினார்.

"திராட்சை பிடிக்காதா உங்களுக்கு? சாமி அதெல்லாம் ஞாபகம் வச்சிண்டிருக்காரே" என்றாள் மாமி.

"பழக்கம் ஆன்ட்டி. வேலைக்காராளுக்கு வேற என்ன ஞாபகம் இருக்கப் போறது?"

விஸ்வநாத் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பாயசத்தை உறிஞ்சினார். மனுஷர் குளிர்ந்து போயிருந்தார். பேச்சு மெல்லக் குடும்பத்துப் பக்கம் திரும்பியது.

"பம்பாயில பாங்க்ல பெரிய ஆபீசரா இருந்து தவறிப் போனார்னு சொன்னேளே, உங்க அப்பா. அவருக்குத் திவசம் எல்லாம் ஒழுங்காப் பண்றேளா? இந்தக் காலத்துப் பசங்க பெத்தவாளுக்கு எள்ளும் தண்ணியும் விடறதுக்கே யோசிக்கறா."

"வருஷம் தவறினது இல்லை அங்கிள். இதே ஆத்தங்கரையிலதான், ஆலுவாவுல. எங்க அப்பாவுக்கு அதுகூடப் பண்ணலைன்னா நான் என்ன பிள்ளை?"

விஸ்வநாத்தின் கண் கலங்கிவிட்டது. மனைவியைப் பார்த்தார், மாமியும் தலையசைத்தாள். "இதுக்கு மேல என்ன பார்க்க இருக்கு? அடுத்த முகூர்த்தத்துலயே நிச்சயம் பண்ணிடலாம்" என்றார்.

வெங்கிடேஸ்வரனுக்கு மண்டைக்குள் மத்தளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, பிச்சைமணி கரண்டியைப் பாயசப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனார். துண்டு எடுக்கவில்லை, வேஷ்டியை மடித்துக் கட்டவில்லை. போட்ட சட்டையோடு நேராக ஆற்றுக்குள் நடந்து, தலை மறைய ஒரு முழுக்குப் போட்டார்.

பந்தி நடக்கும்போது வேர்வை தாங்காமல் குளிக்கப் போகிற பிறவி! மானத்தை வாங்குகிறதே கிழம் என்று வெங்கிடேஸ்வரன் பல்லைக் கடித்தான். காரில் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம் என்று பாயச டம்ளரை வாயில் வைத்தான்.

பிச்சைமணி தலையைக்கூடத் துவட்டாமல், சொட்டச் சொட்ட வந்து இலைக்கு எட்டவே நின்றார். சீதாலக்ஷ்மி மாமி பதறிப் போய்க் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சாமி இது? உடுத்த துணியோட முழுகிட்டு வரேளே. தீட்டுச் சேதி ஏதாவது வந்துதா?"

"ஆமாம்மா. இப்பத்தான் காதுல விழுந்தது."

"ஐயோ, யார் போயிட்டா?"

பிச்சைமணி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"என் பிள்ளை. அதோ, பாயசம் குடிச்சிண்டிருக்கான்."