வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க

உள்ளங்காலில் காய்ச்சிய ஆணி இறங்குவதுபோல எரிந்தது. கம்பி கட்டுகிறவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பை மாட்டினார். புற்றுநோய் ஊசியில் விரல்கள் மரத்துக் கிடந்ததால், கால் உள்ளே போனதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

வாசலில் அண்ணன். பொதுச்சுவர்த் தகராறில் பத்து வருஷம் முகம் கொடுக்காத ஆள், ஒன்பது மாதமாக வாரம் தவறாமல் வருகிறார்.

"அந்தச் சுவரு உனக்கே இருக்கட்டும்டா."

"நான் போனதும் இடிச்சுக்கலாம்னா?"

"வாயைக் கழுவு!" அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

மனைவி முன்பெல்லாம் பீடி நாற்றத்துக்கே ஊரையே கூட்டுவாள். இப்போது எதற்கும் "சரிங்க". அந்த "சரிங்க"தான் அவரைப் பயமுறுத்தியது. தட்டில் சோறு மட்டும் மலையாக விழுந்தது. போன வாரம் பெல்ட் இறுக்குகிறதென்று நுனிப் பக்கமாக இன்னொரு ஓட்டை போட்டிருந்தார்.

கடைசி ஊசி போட்ட அன்று நர்ஸ் வெளியே வந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. இனி வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்றதை மனைவி அண்ணனிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் சொல்லும்போது, அடுத்த அறையில் படுத்திருந்த இவர் காதிலும் அது விழுந்தது. கொஞ்ச நாள் தெரியாதவர்போல இருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரி போன் வந்தால் அவள் எடுப்பதில்லை. அதே சேதியை இரண்டாம் தடவை கேட்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

"கால் எரிச்சலுக்கு மட்டும் மாத்திரை வாங்கிட்டு வந்துடலாம்டி. இருக்கிற வரைக்கும் தூங்கணும்ல?"

"சரிங்க."

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். பார்த்ததும் பாய்ந்தார். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? எத்தனை போன் போட்டேன்!"

மனைவி உடைந்தாள். "நீங்கதானே சிஸ்டர் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு கையை விரிச்சீங்க? இன்னும் என்னத்தைச் சொல்லப் போறீங்கன்னுதான் எடுக்கல."

நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே! வைத்தியம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேம்மா. அன்னைக்கே கட்டி முழுசாக் கரைஞ்சு போச்சு."

கம்பி கட்டுகிறவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மனைவி அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். ஒன்பது மாதத்தில் முதல் அடி.

நர்ஸ் சிரிக்கவில்லை. இவருடைய பைலைத் தேடி எடுத்துப் புரட்டினார். கடைசி ஊசிக்கு அப்புறம் எல்லாம் வெற்றுத் தாள்கள்.

"திரும்ப வருதான்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்யா. மூணு செக்கப் பாக்கி."