தங்கக் கோபுரத்தருகே மதியச் சாப்பாடு

செவில் நகரத்து ஆற்றில் சுற்றுலாப் படகு போய்க்கொண்டிருந்தது. குமரகுரு சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு வறுத்த மீனுக்காகக் காத்திருந்தபோது, ஊரில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டதாக மனைவி பொற்கொடியின் போனுக்குச் செய்தி வந்தது. சொன்னால், உடலை எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார். ஊசி போட்ட உடம்பு, சாப்பிடட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். முதல் தட்டு காலியானது. தங்கக் கோபுரம் நெருங்கியது. இதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்து, அப்போதும் அவள் சொல்லவில்லை. அவர் இரண்டாவது மீனைத் தூக்கிப் பிடித்து, கோபுரம் தெரியப் படம் எடுத்தார்.

"அண்ணனுக்கு அனுப்பிட்டேன். அங்க போயும் மீன்தானாடான்னு திட்டுவாரு, பாரு."

அவள் கை நீட்டுவதற்குள் படத்தின் கீழே இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

"பாத்துட்டாரு" என்ற குமரகுரு, பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.