தாய்மாமன் சீர்

தொட்டிலருகே குனிந்து, குழந்தையின் காதில் "யாழ்மொழி" என்று என் கணவர் மூன்று முறை சொன்னார். பெயர்தான் இப்போது பிட்காயின் முகவரி; ஆயுசுக்கும் பணம் வருவதும் போவதும் அதில்தான். உலகத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். பதியப் போனால், நேற்றே யாரோ வாங்கிவிட்டதாகக் கைப்பேசி காட்டியது. எங்களைத் தவிர அந்தப் பெயர் தெரிந்தவன் என் அண்ணன் மணிமாறன் மட்டுமே.

"நான்தாம்மா எடுத்து வெச்சேன். வெளிய நல்ல வெலை போகும். தங்கச்சியாச்சே, உனக்குப் பாதி வெலைதான்," என்றான், வாய் நிறைய எங்கள் வீட்டு லட்டோடு.

குழந்தைக்கு அவன் கட்டிய வெள்ளி அரைஞாணை அவிழ்த்து, அவன் சாப்பிட்ட இலையிலேயே எறிந்தேன்.

என் கணவர் அதை எடுத்தார். ஒட்டியிருந்த சாம்பாரைத் தன் வேட்டியில் துடைத்தபடியே குழைந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். இன்னும் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க."