கைமாறாத நாட்கள்

பூஜ்யம்.

அவள் திரையைக் கீழே தள்ளினாள். அடுத்த நாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாள் பன்னிரண்டு யூனிட். பிறகு ஒரு வாரம் முழுக்க ஒன்றுமில்லை.

கார் பொன்மலைப் பக்கம் போகும் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. மடியில் லேப்டாப் சுட்டது.

பங்குச் சந்தையின் இணையதளம் ஒரு தடவைக்கு ஒரு வருடக் கணக்கைத்தான் தந்தது. தேதியைப் போட வேண்டும். வட்டம் சுற்றும். நின்றுவிடும். மறுபடி போட வேண்டும்.

காலையிலிருந்து இதே வேலை.

இன்று மதியம் அவளும் முதலாளியும் ஓர் அறக்கட்டளைக்குக் காட்டப்போவது ஒரு ஈ.டி.எஃப். பங்கைப் போலவே சந்தையில் வாங்கி, சந்தையில் விற்க வேண்டிய ஃபண்ட். விற்கிற அன்று வாங்க யாராவது இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் இருந்தார்களா? எந்த நாளில் எத்தனை யூனிட் கைமாறியது? அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

ஃபண்ட் கம்பெனி கொடுத்த தாளில் கடைசி மூன்று மாதம் மட்டும் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் லட்சக்கணக்கில் கைமாறியிருந்தது.

"சார், ஏப்ரலுக்கு முன்னாடி இத வாங்க ஆளே இல்ல சார்."

தேவபிரசாத் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலீட்டு ஆலோசனை நிறுவனம் அவருடையது. அவள் ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள்.

"அப்ப ஏப்ரல்லேருந்து போடுங்க. போதும்."

"அவங்க புள்ளைங்களுக்கான பணம் சார்."

"அதனாலதான் சொல்றேன். அவங்களப் போட்டுக் குழப்பாதீங்க."

மீதியிருந்த மிகப் பழைய வருடமும் வந்து இறங்கியது. அவள் அதையும் திறந்தாள்.

பூஜ்யம்.

அறக்கட்டளையின் கூடத்தில் எல்லாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் நடத்தும் அறக்கட்டளை. தாங்கள் போன பிறகும் பிள்ளைகள் தங்கிச் சாப்பிட ஓர் இல்லம் வேண்டும். அதற்காகப் பல வருடங்களாகச் சேர்த்த பணம்.

பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தலை நரைத்த பிள்ளைகள். ஒருவர் அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். சுவரில் படம் மாறும்போதெல்லாம் கை தட்டினார்.

அந்த அம்மா ரமீஜா. அறக்கட்டளையின் பொருளாளர்.

தலைவர் மார்ட்டின், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட வேண்டிய தீர்மானத் தாளை மடியில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

தேவபிரசாத் நன்றாகப் பேசினார். எப்போதும் நன்றாகப் பேசுவார்.

அவள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

ஏப்ரலிலிருந்து தொடங்கும் படம் வந்தது. உயர உயரமான கோடுகள்.

கைதட்டல்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் ரமீஜா. "திடீர்னு ஒரு புள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வருது. நாங்க யாரும் இல்ல. வித்து உடனே எடுக்க முடியும்ல?"

"தாராளமா. படத்தப் பாருங்க, எவ்வளவு பேரு வாங்குறாங்க," என்றார் தேவபிரசாத்.

மார்ட்டின் பேனாவைத் தாளில் வைத்தார்.

அவள் அந்தப் படத்தை மூடினாள்.

காரில் மடியில் திறந்து வைத்திருந்த கோப்பு அப்படியே இருந்தது. அதைச் சுவருக்கு அனுப்பினாள். ஐந்து வருடங்கள். வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோடுகள். மற்ற இடமெல்லாம் வெள்ளைச் சுவர்.

அதற்கும் கைதட்டல்.

ரமீஜா கண்ணாடியைச் சரிசெய்தார். "ஏன் இப்படிக் காலியா இருக்கு?"

"அன்னைக்கெல்லாம் வாங்க ஆளில்லம்மா. அப்ப விக்கணும்னு போயிருந்தா உடனே பணம் வந்திருக்காது. இல்லன்னா அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருக்கணும்."

"இப்ப இருக்காங்களே?"

"மூணு மாசமா இருக்காங்க. ஏன் வந்தாங்கன்னு எனக்குத் தெரியல. எப்ப போவாங்கன்னும் தெரியல."

தேவபிரசாத் எழுந்தார். சிரித்தார். "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். அடுத்த வாரம் நானே வந்து விளக்குறேன்." போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவளுடைய சாப்பாட்டுப் பை பின் சீட்டில் இருந்தது.

மார்ட்டின் பேனாவை மூடினார்.

யாரும் நன்றி சொல்லவில்லை. அவர்கள் முகத்தில் களைப்புதான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

அவள் வயர்களைச் சுருட்டினாள். ஒரு வயர் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. விட்டுவிட்டு நிமிர்ந்தபோது மார்ட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கமிட்டில இப்ப அஞ்சு பேரு இருக்கோம்," என்றார். "போன வருஷம் ஏழு. ரெண்டு பேரு போய்ட்டாங்க."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

ரமீஜா மகனின் கையிலிருந்து துப்பட்டாவை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"ஒனக்கு என்ன வயசும்மா ஆகுது?"

"முப்பத்திரண்டு."

ரமீஜா மார்ட்டினைத் திரும்பிப் பார்த்தார். மார்ட்டின் மற்றவர்களைப் பார்த்தார்.

யாரோ கமிட்டிக்காரர்களின் வரிசையில் ஒரு நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்கள்.