டிசம்பர் இருபத்தாறு யாருக்கு?

திருவிடந்தையில் டிசம்பர் இருபத்தாறாம் தேதிக் காலை. கணவரின் படத்துக்கு முன் படையல் இலை விரித்திருக்கும் பூங்கொடிக்கு, மகள் காயத்ரி வாங்கி வந்த கேக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளின் முதல் பிறந்தநாளன்றுதான் சுனாமி அவரைக் கொண்டுபோனது. கேக் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியில் கடல் வெளிச்சம் நடுங்குகிறது. "அப்பன் செத்த நாள்ல கேக்கு கேக்குதா ஒனக்கு?" என்கிறாள். "இருபத்தோரு வருசமா நான் பொறந்ததையே எழவாக்கி வச்சிகினுகீற" என்கிறாள் மகள். பூங்கொடியின் அண்ணன் காசிநாதன் புது வருட நாட்காட்டியைப் புரட்டுகிறார். தேதி சூரியனோடு போகிறது, திதி நிலவோடு போகிறது. இரண்டும் வருடந்தோறும் விலகும். "மச்சான் போனது மார்கழிப் பௌர்ணமில. இந்தத் தபா அது ஜனவரி மூணு." "இத்தினி வருசமா வாய்ல இன்னா வச்சிகினு இருந்த, அண்ணாத்த?" "பேச வுட்டியா நீ?" அவள் இலையைச் சுருட்டுகிறாள். படையல் பௌர்ணமிக்கு, இருபத்தாறாம் தேதி மகளுக்கு.