சரிந்த முள்

கெய்ரோவில் நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகிறது. ஒலிக்கலவை அறையில் நெர்மினின் ஹெட்போனுக்குள், தொடரின் நாளைய பாகத்தில் வரும் தாய் இரு காதுகளிலும் விரிந்து அழுகிறாள். ஒலி அளவுக் கோடுகள் பச்சையிலேயே துள்ளுகின்றன. கீழே, இடது வலது தடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் முள் மட்டும் இடப்பக்கம் சரிந்து, எழுந்திருக்க மறுக்கிறது. “நல்லாத்தானே கேக்குது எஞ்சினியரம்மா? முள்ளும் நோன்புல சோர்ந்திருக்கும், அனுப்பித் தொலை,” என்கிறார் இயக்குநர் ராஃபத். “காபிக்கடை டிவிக்கு ஒரே ஸ்பீக்கர்தான், உஸ்தாத்,” என்று அவள் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கும் பொத்தானை அழுத்துகிறாள். மழை கேட்கிறது, கதவு அடித்துக்கொள்வது கேட்கிறது. தாயின் வாய் மட்டும் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடுகிறது. தாய்க்கு வைத்த இரண்டு மைக்குகளில் ஒன்றின் ஒயர் முனைகளை யாரோ மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்றாக்கினால் அவள் குரலின் ஒரு தடம் இன்னொன்றை விழுங்குகிறது. “அப்போ இன்னிக்கு ஓடப்போற பாகம்?” ராஃபத் கடிகாரத்தைப் பார்க்கிறார். “அதுவும் இதே ஒயர்தான். நேத்தே அனுப்பியாச்சு.” பாங்கு ஒலித்து அடங்குகிறது. பேரீச்சம்பழத் தட்டின் பக்கம் ஒரு கையும் நீளவில்லை. கீழே, காபிக்கடையில், தொடரின் தலைப்பு இசை தொடங்குகிறது.