கருவாட்டுப் பாக்கெட்டில் ஒரு முகம்

"இதுல இருக்கது எங்க வீட்டு ஆளு" என்றாள் அந்தப் பெண். கருவாட்டுப் பாக்கெட்டை மேசையில் குப்புற வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

ராமநாதபுரத்தில் இருக்கும் அந்தக் கருவாட்டு கம்பெனியில் பாக்கெட் வடிவமைப்பு முழுவதும் மகேஸ்வரியின் பொறுப்பு. புதுப் பாக்கெட் கடைகளுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சண்டைக்கு ஆள் வந்துவிட்டது.

"உக்காருங்க அக்கா. பேரு என்ன?"

"பிச்சையம்மா. வாலிநோக்கம். உப்பளத்துல வேல பாக்குறேன்."

நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. மகேஸ்வரி தயங்கித்தான் கேட்டாள்.

"அவரு வரலையாக்கா?"

"கடலுக்குப் போனவரு வரல தாயி. வள்ளம் மட்டும் வெறுசாக் கரை ஒதுங்குச்சு. காரியமெல்லாம் செஞ்சு வருசக்கணக்காச்சு."

மகேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள். செத்தவர் முகத்தையா அச்சடித்துக் கடை கடையாகத் தொங்கவிட்டிருக்கிறோம்?

நிஜ மீனவர் முகம் வேண்டுமென்று கேட்டது விற்பனைப் பிரிவு. படத்தைத் தேர்ந்தெடுத்தது சென்னை டிசைனர். அச்சடித்தது சிவகாசியில். எழுத்தின் அளவு, நிறம், பார்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் மகேஸ்வரி ஆளாளுக்கு அலைந்து ஒப்புதல் வாங்கினாள். படத்தில் இருப்பவரிடம் கேட்டாயிற்றா என்பதை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. டிசைனர் கேட்டிருப்பார் என்று இவள் இருந்துவிட்டாள்.

டிசைனரைப் போனில் பிடித்தாள்.

"அனுமதியா? அதெல்லாம் போட்டோகிராபர் இஃப்திகார் வாங்கியிருப்பார்னு நினைச்சேன் மேடம். காரங்காட்டுல அலையாத்திக் காட்டுப் பக்கம் எடுத்த படம். ஒருத்தர் வலை தைச்சுக்கிட்டு இருந்திருக்கார். இவர் தூரத்துல இருந்தே படம் எடுத்திருக்கார்."

"பழைய படமா?"

"இல்லை மேடம், இந்தப் பொங்கலுக்கு எடுத்ததுதான்."

மகேஸ்வரி போனை வைத்தாள். எழுந்துபோய்ப் பிச்சையம்மாளின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா! அவரு சாகலக்கா. உசுரோட இருக்காரு. காரங்காட்டுல இருக்காரு!"

பிச்சையம்மாள் அழவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இந்தப் பாக்கெட்டு எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கு தாயி?" என்று கேட்டாள்.

மகேஸ்வரி அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்கு... தெரியுமா?"

பிச்சையம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"நடுக்கடல்ல ஒருத்தன வெட்டித் தள்ளுனத அவுக கண்ணால பாத்துட்டாக. போலீசுல சாட்சி சொல்லுவேன்னு நின்னாக. வெட்டுனவனுக ஊருக்குள்ளயே வந்து தேடுனானுக. வேற வழி தெரியல. வள்ளத்த வெறுசா விட்டுட்டு நீந்திக் கரையேறிட்டாக. நான் ஊரக் கூட்டி ஒப்பாரி வச்சேன். பொட்ட அழிச்சேன். எம்மக கூட இன்னைக்கு வர அப்பன் செத்துட்டான்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா."

மேசையில் குப்புறக் கிடந்த பாக்கெட்டை மகேஸ்வரி திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஊருக் கடையில நேத்துலருந்து வரிசையாத் தொங்குது. எப்படிம்மா மறைப்பேன்? அந்த மூஞ்சிய மாத்திருங்க தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மகேஸ்வரி அதற்குமேல் யோசிக்கவில்லை. சிவகாசிக்குப் பேசினாள். ஓடிக்கொண்டிருந்த அச்சை நிறுத்தச் சொன்னாள். விற்பனை மேலாளர் பாண்டித்துரையைக் கூப்பிட்டு, கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளை இன்றே திரும்ப எடுக்கச் சொன்னாள்.

"என்ன மேடம், வெளையாடுறீங்களா? பரமக்குடி, தூத்துக்குடி வரைக்கும் போயாச்சு. மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். என் வேலை போனாலும் பரவாயில்லை. நீங்க எடுங்க."

கடைசியாக இஃப்திகாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"அவருக்குப் போன் பண்ணி உஷார்படுத்த முடியாதாக்கா?"

"அவுக போனே வச்சுக்கிறது இல்ல."

"அப்ப வாங்க, ஆபீஸ் கார்ல நாமளே போயி அங்கனருந்து அவரக் கூட்டிட்டு வந்துருவோம்."

பிச்சையம்மாள் எழுந்து நின்றாள். வந்ததிலிருந்து முதன்முறையாக அவள் கண்கள் கலங்கின. மகேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டுவதற்குள் மகேஸ்வரியின் போன் ஒலித்தது. இஃப்திகார். பிச்சையம்மாளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூப்பிட்டிருந்தீங்களா மேடம்? வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்." அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். "நல்ல சேதி ஒண்ணு மேடம். நம்ம பாக்கெட்ட ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தேன். அதப் பாத்துட்டு அந்த வலைக்காரரோட தம்பிமாரு ரெண்டு பேரு என் ஸ்டுடியோவுக்கே வந்துட்டாங்க. அண்ணன் செத்துட்டாருன்னு இருந்தாங்களாம். ஒரே அழுகை. மனசு கேக்கல. நானே காரங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு இருக்க எடத்துல விட்டுட்டு இப்பத்தான் திரும்பி வாரேன்."

மகேஸ்வரி பிச்சையம்மாளைப் பார்த்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"அவுகளுக்குத் தம்பியே கெடையாது தாயி."